சைக்கிளுக்கு எதுக்குங்க சார்ஜர்?

சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் நாலு பேர் ஒரு டீக்கடையில் ஒதுங்கினால், டீ வருவதற்குள் ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒண்ணு, கம்பியே இல்லாமல் பேட்டரியில் கியர் மாறுவதைப் பார்த்து "இதுதான் மச்சி எதிர்காலம்" என்று சிலிர்க்கிற ஆர்வக் கட்சி. இன்னொண்ணு, "காலால மிதிக்கிற வண்டிக்கு எதுக்குய்யா சார்ஜர்?" என்று தலையில் அடித்துக்கொள்கிற சந்தேகக் கட்சி. நீ எந்தக் கட்சி என்று என்னைக் கேட்டால், நான் கூட்டணி :-) ஆனால் கூட்டணி என்றாலும் குறைந்தபட்ச செயல்திட்டம்னு ஒண்ணு வேணும் இல்லையா? ஆபீஸில் ஆணி புடுங்கினது போக மிச்ச நேரத்தில் அதை எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்தருள்க.

முதலில் சைக்கிள் பக்கமே போகாத மக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். (தெரிந்தவர்கள் ரெண்டு பத்தி தாண்டிப் போயிடுங்க.) கியர் சைக்கிளில் பின்சக்கரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு பல்சக்கரம் வரை அடுக்கி வைத்திருப்பார்கள். செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் கை மாதிரி ஒரு சாமான் கீழே தொங்கும். அதுக்கு டிரெய்லர் என்று பெயர். சினிமா டிரெய்லர் இல்லை, இது வேற. ஹேண்டில்பாரில் இருக்கும் லீவரைத் தட்டினால், பிரேக் கம்பி மாதிரியே ஒரு மெல்லிய எஃகுக் கம்பி அதை இழுக்கும். 1984-ல் ஷிமானோ கம்பெனி ஒவ்வொரு கியருக்கும் ஒரு 'கிளிக்' வைத்து இதைப் பிரபலமாக்கியது. அதற்கு முன்னால் எல்லாம் குத்துமதிப்புதான்.

எலக்ட்ரானிக் கியரில் அந்தக் கம்பிக்குப் பதில் ஒரு குட்டி மோட்டார். பட்டனைத் தட்டினால் 'ஸ்ஸிக்' என்று சத்தம் போட்டு, எவ்வளவு நகரணுமோ அவ்வளவு நகர்ந்து நிற்கும். ஷிமானோ 2009-ல் டிஐ2 என்ற பெயரில் கொண்டுவந்தது. (நமக்குத் தெரிஞ்ச டிஐ, அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ்தான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.) 2011-ல் இத்தாலியின் கம்பக்னோலோ வந்தது. 2015-ல் அமெரிக்காவின் ஸ்ராம், நடுவில் ஒயரே இல்லாத ஈடேப் அறிவித்தது.

விலை? 2024-ல் வந்த ஸ்ராம் ரெட், பவர் மீட்டரோடு சேர்த்து 4000 டாலரைத் தாண்டும். நம்ம காசில் மூணரை லட்சம் பக்கம். கவனியுங்க, இது சைக்கிள் விலை இல்லை. கியர், பிரேக், செயின், கிராங்க் செட் மட்டும். முழு சைக்கிளாக வெளிநாட்டிலிருந்து வந்தால் அதுக்கு மேல சுங்க வரி, 2023 பட்ஜெட்டில் 30 சதவீதத்திலிருந்து 35 ஆக ஏற்றினார்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது கொஞ்சம் ஆறுதல்.

*

சரி, இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க வைத்தது எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் கேட்ட கேள்வி.

எங்க ஊர் அரும்பாவூர். பச்சைமலை அடிவாரம். மரச்சிற்பத்துக்குப் பேர் போன ஊர், 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பையன் பிளஸ் ஒன். வருஷா வருஷம் செப்டம்பரில் அண்ணா பிறந்தநாளை ஒட்டி, மாவட்டம் மாவட்டமாக விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மிதிவண்டிப் போட்டி நடத்துவார்கள் தெரியுமில்லையா? 13, 15, 17 வயதுக்குட்பட்டவர்கள் என்று மூன்று பிரிவு. பெரிய பையன்களுக்கு 20 கிலோமீட்டர், பெண்களுக்கு 15. அதில் ஒரு நல்ல விதி உண்டு. இந்தியாவில் தயாரான, சாதாரண கைப்பிடி வைத்த மிதிவண்டிதான் ஓட்டணும். பையன் அதில் நன்றாக ஓட்டியிருக்கிறான். அடுத்து பெரிய ரோடு ரேஸ் போகணும்னு ஆசை. ஊருக்குப் போயிருந்தபோது பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, எலக்ட்ரானிக் கியர் இல்லாம பெரிய ரேஸ்ல நிக்கவே முடியாதாமே, நெசமா?"

"யாருடா சொன்னா?"

"வீடியோல எல்லாரும் சொல்றாங்கண்ணே."

அவங்க அப்பாவுக்கு சின்ன வெங்காயம்தான் பிழைப்பு. விலை ஏறினால் வீட்டில் சிரிப்பு, இறங்கினால் வயலிலேயே விட்டுவிட வேண்டியதுதான். அந்தக் காசில் எத்தனை லட்சம் எடுக்கலாம் என்று அந்த வீட்டில் நிஜமாகவே பேச்சு ஓடியிருக்கிறது. அதனால் இது எனக்கு டீக்கடை விவாதமாக இல்லாமல் போய்விட்டது. அவனுக்கு ஒரு ஒழுங்கான பதில் சொல்லியாகணும்.

பதில் 1999-லேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்பவரின் குழு, சைக்கிள் செயின் எவ்வளவு சக்தியைத் தின்கிறது என்று அளந்து பார்த்தது. நல்ல நிலையில் 98.6 சதவீதம் வரை சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. நீங்கள் 100 வாட் மிதித்தால் ஒன்றரை வாட்டுக்கும் குறைவாகத்தான் செயினில் வீணாகிறது. பல்சக்கரம் சின்னதாக இருந்தால் ஒவ்வொரு கண்ணியும் அதிகமாக மடங்கி நிமிரணும், அதனால் இழப்பு கூடும். செயின் தொய்வாக ஓடினாலும் கூடும். அவர்கள் பார்த்ததிலேயே மோசமானது 81 சதவீதம். இதில் ஒரு வேடிக்கை: ஆய்வகத்தில் சுத்தமான செயினில் எண்ணெய் போட்டதும் போடாததும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. எண்ணெயின் வேலை, கண்ணிக்குள் அழுக்கு புகாமல் அந்த இடத்தை அடைத்துக்கொள்வதுதான் என்று ஸ்பைசர் சொன்னார். அழுக்குதான் எதிரி.

இப்போ கேள்வி. அந்த 98.6-ஐ எலக்ட்ரானிக் கியர் எவ்வளவு ஏத்துது?

பூஜ்யம்.

செயின் அதே செயின். பல் அதே பல். 1880-ல் ஹான்ஸ் ரெனால்ட் கண்டுபிடித்த ரோலர் செயினின் வாரிசுதான் இன்றைக்கும் ஓடுகிறது. நான் பள்ளிக்கூடத்தில் வாங்கின அரசு இலவச சைக்கிளிலும், டூர் டி பிரான்ஸை நாலு தடவை ஜெயித்த போகச்சாரின் சைக்கிளிலும் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம்தான். அகலம் மட்டும் மெலிந்திருக்கிறது. பட்டனைத் தட்டினால் கியர் சுத்தமாக, சீக்கிரமாக மாறும், அவ்வளவுதான். காலிலிருந்து சக்கரத்துக்குப் போகிற சக்தியில் ஒரு வாட் கூடக் கூடாது.

மலை ஏறுவதும் அப்படித்தான். சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டி ஏறும் பச்சைமலைப் பாதையை எடுத்துக்குங்க. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கிற சாதா சைக்கிளில் ஒரு மிதிக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் போகணும். முட்டி கழன்றுவிடும். முன்னால் 34, பின்னால் 34 இருந்தால் ஒரு மிதிக்கு 2.1 மீட்டர்தான். மலையை ஏற்றுவது பல் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை சாதாரண கம்பி கியரிலும் கிடைக்கும், மூணு லட்சத்து கியரிலும் கிடைக்கும்.

பையனிடம் இதைத்தான் சொன்னேன். கம்பி கியர் வண்டி ஒண்ணு, செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பரவாயில்லை, உன் உடம்பு அளவுக்குச் சரியா இருக்கணும். செயினைத் துடைச்சு வை. மிச்சக் காசு அப்பாகிட்டயே இருக்கட்டும். அவன் முகத்தில் பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம். வயசு அப்படி.

*

அப்போ சந்தேகக் கட்சி ஜெயிச்சாச்சா? பொறுங்க.

டூர் டி பிரான்ஸை 1903-ல் ஆரம்பித்த ஹென்ரி தெகிரான்ஜ் இருக்காரே, அவர்தான் உலக சந்தேகக் கட்சியின் நிறுவனத் தலைவர். கியர் எல்லாம் 45 வயசுக்கு மேல ஆனவங்களுக்கு, நாம இளைஞர்கள், தசையால் ஜெயிக்கணும் என்கிற ரீதியில் எழுதினவர். அவர் நடத்துகிற வரை டூரில் டிரெய்லர் கிடையாது. அப்போதெல்லாம் பின்சக்கரத்தின் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும். மலை வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டி, மறுபடி ஏறணும். ஆல்ப்ஸ் மலையில், குளிரில், விறைத்த விரலோடு! 1936-ல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். 1937-ல் டிரெய்லரை அனுமதித்தார்கள். இன்றைக்கு "கம்பி கியர்தான் சுத்தமான சைக்கிள்" என்று சொல்கிற நம்மாட்கள், அன்றைக்குத் தெகிரான்ஜ் திட்டித் தீர்த்த அதே சாமானைத்தான் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள்.

அண்ணா போட்டியின் விதியும் ஒருவகையில் தடைதானே என்று கேட்பீர்கள். பார்க்க ஒன்று போல இருக்கிறது, காரணம் வேறு. தெகிரான்ஜ் தடுத்தது, வசதி என்றாலே பலவீனம் என்று நினைத்ததால். இந்த விதியைப் பொறுத்தவரை, எந்த வீட்டுப் பிள்ளையும் இருக்கிற சைக்கிளோடு வந்து கோட்டில் நிற்கலாம். ஒரே மாதிரி தடை, ஒன்று ஆளைத் தடுத்தது, இன்னொன்று ஆளை உள்ளே விடுகிறது. புதுத் தொழில்நுட்பத்தை எதிர்க்கும்போது நாம் இந்த ரெண்டில் எதைச் செய்கிறோம் என்று ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆர்வக் கட்சியின் வரலாறும் ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்லை. 1898-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி செயினே இல்லாத சைக்கிள் விற்றது. செயினுக்குப் பதில் பல்சக்கரத் தண்டு. விலை 125 டாலர், அந்தக் காலத்தில்! செயின் செத்தது என்றார்கள். செயின் உயிரோடு இருக்கிறது, கொலம்பியா செயின்லெஸ்ஸை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1983-ல் ஷிமானோ பயோபேஸ் என்று முட்டை வடிவப் பல்சக்கரம் கொண்டுவந்தது. பத்து வருஷத்துக்குள் காணாமல் போனது. பிரான்ஸின் மாவிக் 1990-களிலேயே எலக்ட்ரானிக் கியர் செய்தது, 1999-ல் ஒயர்லெஸ்ஸே விட்டது, நம்பகத்தன்மை இல்லாமல் ஊத்திக்கொண்டது. 2018-ல் ஜெர்மனி யூரோபைக் கண்காட்சியில் டென்மார்க்கின் செராமிக்ஸ்பீடு 'டிரைவன்' என்று ஒரு தண்டைக் காட்டியது. செயின் இல்லை, பேரிங் வைத்த தண்டு, 99 சதவீதத் திறன் என்றார்கள். சைக்கிள் உலகமே வாயைப் பிளந்தது. எனக்குத் தெரிந்து எந்தக் கடையிலும் அதை மாட்டின சைக்கிளை நான் பார்த்ததில்லை.

ஆக, ரெண்டு கட்சியும் மாற்றி மாற்றித் தோற்றிருக்கிறது. "புதுசு எல்லாம் டுபாக்கூர்" என்பதும் வேலைக்காகாது, "புதுசு எல்லாம் எதிர்காலம்" என்பதும் வேலைக்காகாது.

*

சந்தேகக் கட்சியின் பிடித்தமான ஆயுதம் ஒன்று உண்டு. "நடுக்காட்டுல பேட்டரி தீர்ந்தா என்ன பண்ணுவே?" இதற்கு நான் நேரில் பார்த்த ரெண்டு சம்பவம் சொல்கிறேன். ரெண்டும் பிரெவே ரைடு. (பிரெவே என்றால் பந்தயம் இல்லை. 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்துக்குள் முடிக்கணும், 600-ஐ 40 மணி நேரத்துக்குள். சர்டிபிகேட்டும் தொடைவலியும் கிடைக்கும்.)

முதல் சம்பவம். கூட வந்த நண்பருக்கு ஒயர்லெஸ் கியர். ராத்திரி பத்து மணிக்கு லீவர் செத்துப்போச்சு. பெரிய பேட்டரியைச் சார்ஜ் பண்ணியிருந்தார், லீவருக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியை மறந்துவிட்டார். கம்ப்யூட்டர் மதர்போர்டில் இருக்குமே, அதே வட்ட பேட்டரி. நெடுஞ்சாலை ஓரம் கார் சாமான் விற்கிற ஒரு பெட்டிக்கடையில் கிடைத்தது. ஐம்பது ரூபாய்க்குள். பத்து நிமிஷத்தில் கிளம்பியாச்சு.

இரண்டாவது சம்பவம். இன்னொரு நண்பருக்கு நம்ம கட்சி, கம்பி கியர். லீவருக்குள்ளேயே கம்பி நைந்து, பிரிபிரியாகி, அறுந்தது. அறுந்த தலை உள்ளே மாட்டிக்கொண்டது. கையில் புதுக் கம்பி இருந்தும் உள்ளே நுழைக்க வழியில்லை. கம்பி அறுந்தால் டிரெய்லர் ஸ்பிரிங் செயினைச் சின்னப் பல்லில் கொண்டுபோய் விட்டுவிடும், அதாவது இருப்பதிலேயே கனமான கியர். மிச்சம் நூறு கிலோமீட்டர் சொச்சத்தை மனுஷன் அதிலேயே மிதித்தார். மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை.

பழசு என்றால் ரோட்டிலேயே சரி பண்ணிடலாம், புதுசு என்றால் முடியாது என்பதும் இல்லை. எது கெட்டது, அதன் மாற்று எங்கே கிடைக்கும் என்பதுதான் விஷயம். உலகம் பூரா விற்கிற பேட்டரி என்பதால் அவர் தப்பித்தார். கெட்டது டிரெய்லருக்குள் இருக்கும் மோட்டாராக இருந்திருந்தால், அந்தக் கடைக்காரர் என்ன, யார் வந்தும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.

*

என் அளவுகோல் இதுதான். இதுக்கு 'ரிப்பேர் தூரம்' என்று பேர் வைத்திருக்கிறேன். ஒரு சாமான் கெட்டால் அதைச் சரி பண்ண எத்தனை கிலோமீட்டர் போகணும்?

எங்க ஊரில் அரசு சைக்கிளுக்கு ரிப்பேர் தூரம் அரை கிலோமீட்டர். கடைக்காரர் அண்ணன் ஒரு சுத்தியலால் கிராங்க் கோட்டர் பின்னைத் தட்டி எடுப்பார். பெண்டு எடுப்பார், பால்ஸ் மாத்துவார், வருஷத்துக்கு ஒருதரம் ஓவராயிலிங் பண்ணுவார். பிரீவீல் என்று கேட்டால் எந்த மாடல் என்று கூடக் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். பல வருஷமாக அந்த அளவுகள் மாறவே இல்லை. நம்ம மொழியில் சொன்னால் இதுக்குப் பேர்தான் பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி. எந்த டாக்குமெண்டும் இல்லாமல், பட்டறைப் பையன்கள் கையிலேயே ஓடுகிற ஸ்டாண்டர்டு.

பக்கத்தில் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து நடந்த பெண்கள் சைக்கிள் இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார், சாய்நாத் அதைப் பற்றி எழுதினார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறின பெண்கள் அவர்கள். அது அத்தனையும் ஒற்றைப் பல்லு செயினில் நடந்தது. அந்த சைக்கிளைப் பக்கத்துக் கடையிலேயே சரி பண்ண முடிந்தது. கம்பெனி விளம்பரத்தில் 'புரட்சி' என்ற வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

எங்க ஊர்ச் சிற்பிகளைப் பாருங்க. ஒருத்தரிடம் எத்தனை விதமான உளி! புது உளி வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மழுங்கினால் அவரே சாணை பிடித்துக்கொள்கிற உளி அது. சாணை பிடிக்க கம்பெனிக்கு அனுப்பணும் என்றால் அது அவருடைய உளியா, கம்பெனியோட உளியா?

பொட்டி தட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு எலக்ட்ரானிக் கியரில் பயமெல்லாம் பேட்டரியில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. ஷிமானோவின் 2009 டிஐ2-வில் நாலு இழை ஒயர். 2011-ல் அல்டெக்ராவுக்கு வந்ததில் ரெண்டு இழை. ரெண்டும் ஒன்றோடு ஒன்று பேசாது. 2021-ல் மறுபடி புது ஒயர், புது கனெக்டர். முதல் ஆளாக ஓடிப்போய் வாங்கினவர், ரெண்டே வருஷத்தில் தனித்தீவு. வெர்ஷன் ஒண்ணு சாப்ட்வேரை புரொடக்ஷனில் போட்டு அடிபட்ட எவனுக்கும் இது புரியும்.

அப்புறம் பாதுகாப்பு. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம், சான் டியேகோவில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒயர்லெஸ் டிஐ2-வின் கியர் மாற்றும் சிக்னலைப் பதிவு பண்ணி, சுமார் 10 மீட்டர் தள்ளி நின்று திரும்ப அனுப்பினால், கியர் மாறிவிடுகிறது! சிக்னலில் நேர முத்திரை இல்லாததால் பழைய கட்டளையையும் புதுசு என்று நம்பிவிடுகிறது. கிளாஸில் முதல் வருஷம் சொல்லித் தருவார்களே, ரீப்ளே அட்டாக், அதேதான். மலையேற்றத்தில் எதிராளிக்குக் கனமான கியரைப் போட்டுவிடலாம் :-) ஷிமானோ ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்து, புது ஃபர்ம்வேர் கொடுத்துச் சரி பண்ணியது. நல்ல விஷயம்தான். ஆனால் யோசிங்க, இனிமேல் சைக்கிள் செயின் பக்கத்திலும் செக்யூரிட்டி பேட்ச் போடணும். பத்து வருஷம் கழித்து அந்த ஆப் உங்க போனில் ஓடும் என்று யார் உத்தரவாதம் தருவது?

விலை அதிகம் என்றால் ஆயுள் அதிகம் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். 2023 செப்டம்பரில் ஷிமானோ, 2012-லிருந்து 2019 வரை செய்த உயர்ரக ஹாலோடெக் கிராங்குகளைப் பரிசோதித்து மாற்றித் தருவதாக அறிவித்தது. ரெண்டு பாகமாக ஒட்டின கிராங்க், ஒட்டு விட்டுக்கொண்டது. வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 7 லட்சத்து 60 ஆயிரம். நம்ம கோட்டர் பின் கிராங்க் லொடலொடக்கும், சத்தம் போடும், ஆனால் அதில் ஒட்டு விட என்ன இருக்கிறது?

*

இவ்வளவு சொன்னதால் நான் எதிர்ப்பாளன் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். எலக்ட்ரானிக் கியரால் நிஜமாகவே வாழ்க்கை மாறின ஆட்கள் இருக்கிறார்கள். மூட்டுவாதத்தில் விரல் மடங்காதவர்களுக்கு லீவரை அழுத்துவது வேதனை, பட்டன் தட்டுவது சுலபம். ஒரு கை மட்டும் உள்ளவர்களுக்கு முன் கியர், பின் கியர் ரெண்டையும் ஒரே பக்கம் வைத்துக்கொள்ள முடிகிறது. கம்பியில் அது பெரும்பாடு. நானூறு கிலோமீட்டர் ஓட்டி உள்ளங்கை மரத்துப்போன ராத்திரியில் எனக்கே அந்த பட்டன் மேல் ஆசை வந்ததுண்டு. தேவை இருந்து, காசும் இருந்தால், வாங்குங்கள், சந்தோஷமாக ஓட்டுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை.

நான் சண்டை போடுவது வேற விஷயத்துக்கு. 2021-ல் ஷிமானோ புது டியூரா-ஏஸ் விட்டபோது கம்பி கியர் வகையே அதில் கிடையாது, எலக்ட்ரானிக் மட்டும்தான். 2022-ல் 105 வரிசையின் 12 கியர் வந்தபோதும் முதலில் எலக்ட்ரானிக்தான். 105 என்பது ஓரளவு சம்பாதிக்கிற, ரேஸ் ஆசை உள்ளவர்கள் வாங்குகிற வரிசை. ஒரு வருஷம் கழித்து, 2023-ல் கம்பி வைத்த 105-ம் வந்தது. அந்த ஒரு வருஷம் சந்தேகக் கட்சி போட்ட கூச்சல் வீண்போகவில்லை என்றுதான் நான் நம்புகிறேன். புதுசு வருவது பிரச்சினையே இல்லை. பழசை அலமாரியிலிருந்து எடுத்துவிடுவதுதான் பிரச்சினை. சந்தேகக் கட்சி தன் சக்தியை "பேட்டரி ஒழிக" என்று வீணாக்காமல் "கம்பியையும் விற்றுக்கொண்டே இரு, பத்து வருஷத்துக்கு உதிரி பாகம் கொடு" என்று கேட்டால் எல்லாருக்கும் நல்லது.

ஆர்வக் கட்சிக்கும் ஒரு வேண்டுகோள். சிலிர்க்கத்தான் வேண்டும் என்றால் சரியான இடத்தில் சிலிர்ப்போம். 2021-ல் ஷிமானோ லிங்க்கிளைடு என்று ஒரு பல்சக்கரம் விட்டது. தடித்த பல். சாதாரணத்தைவிட மூணு மடங்கு உழைக்கும் என்பது கம்பெனி வாக்கு. 2023-ல் அதே அடிப்படையில் க்யூஸ் என்ற வரிசை வந்தது. பழைய பல மாடல்களை ஒன்றாக்கி, 9, 10, 11 கியர் மூன்றுக்கும் ஒரே செயின் போடலாம் என்று வைத்தார்கள். 2025-ல் வளைந்த ஹேண்டில்பார் சைக்கிளுக்கும் வந்துவிட்டது. கொஞ்சம் கனம், பார்க்க ஒண்ணும் பிரமாதம் இல்லை. வீடியோ போடுகிறவர்கள் இதைப் பத்து நிமிஷம் பேசினால் தூங்கிவிடுவார்கள். ஆனால் எங்க ஊர்க் கடைக்காரர் மூன்று செயினுக்குப் பதில் ஒரே ஒரு செயினை வாங்கி ஆணியில் மாட்டி வைக்கலாம் என்றால், என் கணக்கில் ஒயர்லெஸ்ஸைவிட இது பெரிய கண்டுபிடிப்பு. கியர் சைக்கிளின் ரிப்பேர் தூரத்தைத் திருச்சியிலிருந்து அரும்பாவூர் வரை இழுத்துக்கொண்டுவர ஒரு வழி இதில் இருக்கிறது.

ஆகவே கூட்டணியின் குறைந்தபட்ச செயல்திட்டம்:

1. புதுசாக எது வந்தாலும், அது எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறது, அந்தப் பிரச்சினை எனக்கு இருக்கிறதா என்று பார்ப்பது.

2. ரிப்பேர் தூரத்தைக் கணக்குப் போடுவது. விலையில் அதையும் சேர்த்துக்கொள்வது.

3. முதல் வெர்ஷனை அடுத்தவன் வாங்கட்டும் :-)

4. சைக்கிள் ஓட்ட ஆரம்பிக்கும் ஒருத்தனிடம் "இது இல்லாம முடியாது" என்று எந்தச் சாமானைப் பற்றியும் சொல்லாமல் இருப்பது.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். மூணரை லட்சம் செலவு பண்ணுகிறவருக்கு நஷ்டம் காசு மட்டும்தான், அது அவர் பாடு. அந்த விலையைக் கேட்டுவிட்டு "இது நமக்கான விளையாட்டு இல்லை" என்று ஒரு பிள்ளை ஒதுங்கிக்கொண்டால், அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் வராது.

பி.கு: என் வண்டி ஒன்பது கியர், கம்பி. செயினை ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். சார்ஜர் போனுக்கு மட்டும்தான்.